‘ஸ்டோரேஜ் ஃபுல்’: ஓர் எச்சரிக்கையின் தரம்

செல்போன் வைத்திருப்பவர் எவரும் தப்ப முடியாத உரைநடைத் துண்டு ஒன்று உண்டு. ‘உங்கள் சேமிப்பிடம் நிரம்பப்போகிறது’ என்று தொடங்கி, ‘கூடுதல் இடம் பெறுங்கள்’ என்று முடியும் இரண்டு வரி. எழுதியவர் பெயர் கிடையாது; பதிப்பாண்டு கிடையாது. ஆனாலும் படித்தவரை உடனே ஏதாவது செய்யவைக்கும். பேரனின் மொட்டை போட்டோவை அழிக்கவைக்கும். மாதாமாதம் பணம் கட்டவைக்கும். சில சமயம் மோசடிக்காரன் அனுப்பிய இணைப்பையும் தொடவைக்கும். இத்தனை செல்வாக்குள்ள ஒரு பிரதியைத் திறனாய்வு இதுவரை தீண்டாமல் விட்டது குறைதான்.

திண்டுக்கல்–திருச்சி சாலையில் வடமதுரையில் ஏதாவதொரு செல்போன் கடையில் சற்று நேரம் நின்றால் இப்படியொரு பேச்சு காதில் விழும். “தம்பி, போட்டோ பூராத்தையும் அழிச்சுட்டேன். இன்னும் ஃபுல்லுன்னேதான் காட்டுது. இவன் பொய் சொல்றானா?” “அது போன் மெமரி, அக்கா. இது மெயில் மெமரி. அது வேற, இது வேற.” கேள்வி கூர்மையானது. பதில் சரியான திசையில்தான் போகிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. எச்சரிக்கை பொய் சொல்கிறதா, சொல்கிறது என்றால் எந்த இடத்தில் சொல்கிறது என்பதே இங்கு எடைபோடப்படும் கேள்வி.

முதலில் அளவுகோல். வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழில் வற்புறுத்திய அலசல் முறை, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்பதோடு நிற்காமல் பிரதியின் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கச் சொன்னது. எச்சரிக்கைக்கும் அந்த முறை பொருந்தும். அதை நான்கு கேள்விகளால் அளக்கலாம். அது சொல்லும் எண் சரியா? அந்த எண் எப்படி வந்தது என்று காட்டுகிறதா? உரிய நேரத்தில் வருகிறதா? சொல்பவருக்கு அதில் சொந்த ஆதாயம் இருந்தும் நடுநிலை காக்கிறதா? உண்மை, தெளிவு, காலம், நடுநிலை என்று இவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

இந்த நான்குக்கும் முன்மாதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. வடமதுரை, வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலைகள் நிறைந்தது. பஞ்சு லாரி எடைமேடை ஏறாமல் ஆலைக்குள் போகாது. எடைச் சீட்டில் மூன்று எண்கள் இருக்கும்: லோடு எடை, காலி எடை, நிகர எடை. மூன்றாவது எண்ணில் சந்தேகம் வந்தால் முதல் இரண்டையும் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த மேடையைச் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி சரிபார்த்து முத்திரை இடவும் வேண்டும். எண் மட்டும் போதாது, எண் பிறந்த வழியும் வேண்டும் என்பதுதான் அந்தச் சீட்டு வைக்கும் தரம். அதற்கு மேல் எதையும் நான் கிளவுட் எனும் இணையச் சேமிப்பிட நிறுவனங்களிடம் கேட்கவில்லை.

கணக்கின் எல்லை நகர்ந்த கதை

எச்சரிக்கையின் மீதுள்ள அவநம்பிக்கை தானாக முளைத்ததல்ல. எது கணக்கில் சேரும், எது சேராது என்ற விதி கடந்த இருபது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி தருகிறேன் என்றபோது, தேதியைப் பார்த்துப் பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். 2012-இல் கூகுள் டிரைவ் வந்தபோது அதற்கு 5 ஜிபி, அஞ்சலுக்குத் தனியாக 10 ஜிபி. 2013-இல் இரண்டும் போட்டோவும் ஒரே 15 ஜிபிக்குள் அடைக்கப்பட்டன. 2015-இல் கூகுள் போட்டோஸ், ‘உயர் தரம்’ என்று பெயரிட்ட சுருக்கிய படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றது. அன்று முதல் ஏற்றும் படங்கள் கணக்கில் சேர்ந்தன. அதுவரை எடையே இல்லாதிருந்த டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளும் அன்று முதல் புதிதாக உருவாக்கினாலோ திருத்தினாலோ எடை பெற்றன.

வாட்ஸ்அப் பேக்கப்பின் கதை இன்னும் விசித்திரம். 2018 நவம்பரிலிருந்து ஆண்ட்ராய்டு பேக்கப் டிரைவில் இருந்தாலும் கணக்கில் சேராது என்றார்கள். 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. 2024-இல் அது எல்லோருக்குமாக நடைமுறைக்கு வந்தது. பயனர் எதையும் புதிதாகச் செய்யவில்லை. வழக்கம்போல இரவில் பேக்கப் ஓடியது, அவ்வளவுதான். ஆனால் கணக்கில் பல ஜிபி ஏறியது.

இந்த மாற்றங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. யாரும் எல்லையில்லாத இடத்தை என்றென்றும் இலவசமாகத் தர முடியாது. பழைய படங்களைப் பின்தேதியிட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நேர்மையான முடிவு. மாற்றத்துக்கு முன் அறிவிப்பும் தந்தார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. விதி இத்தனை முறை மாறியும் பயனர் பார்க்கும் சேமிப்பிடப் பட்டை மட்டும் மாறவில்லை. அதே நீளம், 2013-க்குப் பின் அதே ‘15 ஜிபியில் இவ்வளவு’. அளவை முறை மாறினால் சீட்டின் வடிவமும் மாற வேண்டும். இங்கே மாறவில்லை.

எண் பொய்யா?

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கற்பனைக் கணக்குதான், ஆனால் விதிகள் உண்மையானவை. ஆலை ஒன்றில் கணக்கெழுதும் ஒருவருக்கு 15 ஜிபியில் 14.6 நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. அவர் டிரைவைத் திறந்து தன் கோப்புறைகளைக் கூட்டிப் பார்க்கிறார்: 1.8 ஜிபி. ‘பார்த்தீர்களா, பொய்!’ என்கிறார்.

பட்டையைப் பிரித்தால் வேறு சித்திரம் வருகிறது. ஜிமெயில் 3.4. போட்டோஸ் 3.0. டிரைவும் பேக்கப்பும் சேர்ந்து 8.2. இந்த 8.2-இல் அவர் கண்ட கோப்புறைகள் 1.8. டிரைவின் குப்பைத் தொட்டியில் கிடப்பவை 1.3, தொட்டியில் இருக்கும்வரை அவையும் கணக்கில் உண்டு. வாட்ஸ்அப் பேக்கப் 4.6, அது கோப்புறைகளுக்கு நடுவே தெரியாது, பேக்கப் என்ற தனிப் பக்கத்தில் இருக்கும். மிச்சம் 0.5 அநாதைக் கோப்புகள்: வேறொருவரின் பகிர்வுக் கோப்புறையில் இவர் போட்டுவைத்தவை. அந்தக் கோப்புறையை உரியவர் அழித்துவிட்டார்; கோப்பு மட்டும் இவர் பெயரில், எந்தக் கோப்புறையிலும் சேராமல் நிற்கிறது. எல்லாம் கூட்டினால் 14.6. எண்ணில் பிழை இல்லை.

இனி எதிர்ப்பக்கம். அவர் போட்டோஸ் திரையில் படங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் உண்மையான கொள்ளளவு 3 ஜிபியைப் போல் பல மடங்கு இருக்கும். ஆனால் 2021 ஜூனுக்கு முன் ‘உயர் தரத்தில்’ ஏற்றியவை கணக்கில் இல்லை. இவர் இடம் மீட்கும் ஆவலில் 2018-இல் நடந்த தங்கை கல்யாணப் படங்களை அழிக்கிறார். மீட்டது சுழியம். அதற்கு மேலும் ஒரு நஷ்டம் உண்டு: பேக்கப் இயங்கும் போனில் போட்டோஸ் செயலிக்குள் அழித்தால் போனில் உள்ள பிரதியும் சேர்ந்து போகும். படமும் போனது, இடமும் கிடைக்கவில்லை. பிறகு எச்சரிக்கையைப் பொய் என்று சொல்வது இயல்பு.

ஆக, கணக்கின் கோளாறு இதுதான்: கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பகுதி கணக்கில் இல்லை, கணக்கில் உள்ளதில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. பொய்யான எச்சரிக்கை என்று கடைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் பிறக்கிறது. இதில் அலகுக் குழப்பமும் கொஞ்சம் சேரும். பத்தின் அடுக்கில் 1 ஜிபி நூறு கோடி பைட். இரண்டின் அடுக்கில் அதே பெயரில் 107,37,41,824 பைட். விண்டோஸ் பின்னதைக் காட்டும். மேக் முன்னதைக் காட்டும். ஏழு சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கொண்டு எந்த நிறுவனத்தையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஆனால் அலகைத் தெளிவாகச் சொல்லாத குறை அவர்களுடையதுதான்.

எண் உண்மையிலேயே தவறும் இடங்கள்

அதற்காக எண் எப்போதும் தவறாது என்று சான்றிதழ் தரவும் முடியாது. மூன்று வகைத் தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தாமதம். அழித்த பிறகு காலியான இடம் பட்டையில் தெரிய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. உலகெங்கும் பரவிக் கிடக்கும் கணினிகளில் ஒருவருடைய கோப்புகள் பல பிரதிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு அழிப்புக்கும் எல்லாக் கணினிகளையும் நிறுத்திக் கணக்குப் பார்த்தால் சேவை நகராது. எனவே எண்ணிக்கை பின்னால் வந்து சேரும். 2000-இல் எரிக் புரூவர் முன்வைத்து 2002-இல் கில்பர்ட்டும் லிஞ்சும் நிறுவிய தேற்றத்தின் சாரமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: பரவிய அமைப்பில் இணைப்பு அறுபடும் வேளையில் எப்போதும் கிடைப்பதையும் எப்போதும் ஒத்திருப்பதையும் சேர்த்துப் பெற முடியாது. பொறியியல் முடிவாக இது சரி. ஆனால் எச்சரிக்கை, ‘இந்த எண் ஒரு நாள் பழையதாக இருக்கலாம்’ என்று தன் வரியிலேயே சொல்ல வேண்டும். சொல்வதில்லை. தேதியில்லாத எண்ணை அந்தக் கணத்து உண்மையாக முன்வைக்கிறது.

இரண்டாவது, அளவீட்டு அமைப்பே பிசகுவது. 2020 டிசம்பர் 14 அன்று இந்திய நேரம் மாலை 5.16-க்கு ஜிமெயில், யூடியூப், டிரைவ் எல்லாம் ஒன்றாக நின்றன. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உலகம் தவித்தது. காரணம், இடக் கணக்குக்கு ஒன்றுவிட்ட உறவு: பயனர் அடையாளத்தைக் கையாளும் உள்சேவையைப் புதிய ஒதுக்கீட்டு முறைக்கு மாற்றும்போது பழைய முறையின் சில பகுதிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். அவை அந்தச் சேவையின் பயன்பாடு சுழியம் என்று தவறாகச் சொல்லிவந்தன. தானியங்கி அமைப்பு அதை நம்பி ஒதுக்கீட்டைக் குறைத்தது. அடையாளச் சேவை எழுத இடமின்றி முடங்கியது. இது பயனரின் 15 ஜிபி பற்றியதல்ல என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் தவறான அளவை, அதை நம்பிய இயந்திரம், அதன் விளைவு என்ற சங்கிலி அதேதான். காரணத்தை விவரமாக வெளியிட்டது நிறுவனத்தின் தகுதி. உள்ளே நடந்த பிசகுக்குக் கிடைத்த அந்த விளக்கம், தனிப் பயனரின் பட்டை பிசகும்போது கிடைப்பதில்லை என்பது குறை.

மூன்றாவது, சொல்லாத வரம்பு. டிரைவில் ஒரு கணக்கு உருவாக்கும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு 50 லட்சம் என்ற வரம்பை கூகுள் முன்னறிவிப்பின்றி வைத்தது. 2023-இல் சிலருக்கு இடம் நிறைய மீதமிருந்தும் புதுக் கோப்பு ஏறாமல் நின்றது. கூச்சல் எழுந்தபின் அந்த ஏப்ரலில் வரம்பை விலக்கிக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர். ஆனாலும் விதியை முதலில் வைத்துவிட்டுப் பிறகு சொல்வது எந்த அளவைக்கும் இழுக்கு.

மற்றவர்கள் எப்படி?

ஒப்பீடு இல்லாமல் தீர்ப்பு நிற்காது. பகிர்வு விதியை எடுத்துக்கொள்வோம். கூகுளில் கோப்பு யாருடையதோ அவருடைய கணக்கில்தான் எடை. பிறர் பகிர்ந்தது நம்மைப் பாதிக்காது. டிராப்பாக்ஸில் பகிர்வுக் கோப்புறையின் எடை அதில் சேர்ந்த ஒவ்வொருவர் கணக்கிலும் விழும். இலவசக் கணக்கு 2 ஜிபி மட்டுமே என்பதால், எதையும் ஏற்றாத ஒருவர் நண்பரின் அழைப்பை ஏற்றதற்கே நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையைப் பெறலாம். ஒவ்வொரு கணினியிலும் பிரதி இருக்கும் முறையில் இதற்கு ஒரு தர்க்க ஒருமை உண்டு. அனுபவத்தில் நியாயம் குறைவு. கூகுளின் விதி இதைவிட மேல். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. கோவிட் காலத்தில் மாணவர்களிடம் வீட்டுப்பாடத்தைக் கூகுள் ஃபார்ம் வழியே கோப்பாக வாங்கிய ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோப்புகள் எல்லாம் படிவத்தை உருவாக்கியவரின் டிரைவில் விழும். அவர் கணக்கில்தான் எடை. வகுப்பு முடிந்து ஆண்டுகள் ஆனபின் அவருக்கு எச்சரிக்கை வந்தால், அந்த எடையை அவர் நினைவில் தேடினால் கிடைக்காது.

மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரி 1 முதல் அவுட்லுக் அஞ்சலின் இணைப்புகளையும் கிளவுட் இடத்தில் சேர்த்தது. இலவசக் கணக்குக்கு அது 5 ஜிபி; அஞ்சல் பெட்டிக்கு 15 ஜிபி என்ற பழைய வரம்பும் தனியாக நீடிக்கிறது. ஒரே கடிதம் இரண்டு தட்டுகளில் எடை காட்டும் அமைப்பு இது. பயனர் தன் கோப்புகள் இருக்கும் ஒன்ட்ரைவைக் காலி செய்தும் எச்சரிக்கை போகவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் அஞ்சல் இணைப்புகளில் இருக்கும். தெளிவு என்ற அளவுகோலில் நான் பார்த்தவற்றில் இதுவே மிகக் கீழே.

ஆப்பிளின் ஐகிளவுட் 2011-இல் தந்த 5 ஜிபியை இன்றும் மாற்றவில்லை. அதற்குள் போனின் கேமரா எங்கே போய்விட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த இடம் நிரம்புவதற்கு, பழைய போனின் பேக்கப் அங்கேயே தங்கிவிடுவது வழக்கமான காரணம். பயனர்களை ஐகிளவுடில் பூட்டிவைத்து அதிக விலை வாங்குகிறது என்று பிரிட்டனின் ‘விச்?’ நுகர்வோர் அமைப்பு 2024 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுக்கிறது.

நம் அரசின் டிஜிலாக்கர் இதற்கு நேர் எதிர்க்கோடி. 1 ஜிபி மட்டுமே தருகிறது. துறைகள் வழங்கும் ஆவணங்கள் அங்கிருந்தே காட்டப்படுகின்றன. நாமே ஏற்றும் கோப்புகளுக்குத்தான் இடம் தேவை. எது யாருடையது என்ற எல்லை தெளிவு. பாராட்டலாம். ஆனால் அஞ்சலும் போட்டோவும் பேக்கப்பும் சுமக்காத அமைப்பில் தெளிவாக இருப்பது சுலபம். இதை வைத்து மற்றவர்களைக் கண்டிப்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

காலமும் நடுநிலையும்

காலம் என்ற அளவுகோலில் கூகுளுக்குப் பாதி மதிப்பெண். எச்சரிக்கை நிரம்பும் முன்பே வருகிறது. போட்டோஸ் செயலி இதே வேகத்தில் போனால் இடம் எவ்வளவு காலம் தாங்கும் என்று மதிப்பிட்டும் காட்டுகிறது. நிரம்பிய பின் இரண்டு ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்டால் உள்ளடக்கம் நீக்கப்படலாம். அதற்கும் மூன்று மாதம் முன்பே தகவல் தருவதாகச் சொல்கிறது. இது போதிய அவகாசம். ஆனால் முதல் நாள் நடக்கும் இழப்பை எச்சரிக்கை அழுத்திச் சொல்வதில்லை. இடம் தீர்ந்தவுடன் அஞ்சல் வருவது நிற்கும்; அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் திரும்பிப் போவதும், போட்டோ ஏறாமல் நிற்பதும் ஒரே எடையுள்ள செய்திகள் அல்ல. இரண்டையும் ஒரே குரலில் சொல்வது விமர்சன நோக்கில் பெரிய வழு.

நடுநிலையில்தான் சிக்கல் கூர்மையாகிறது. எச்சரிக்கும் நிறுவனமே மருந்தும் விற்கிறது. இந்தியாவில் கூகுள் ஒன் சந்தாவில் 100 ஜிபி மாதம் 130 ரூபாய். விற்பது தவறல்ல, விலையும் எட்டாததல்ல. ஆனால் வாங்கும் வழி ஒரே தொடுதலில் திறக்கிறது. காலி செய்யும் வழி ஜிமெயிலின் குப்பை, டிரைவின் குப்பை, பேக்கப் பக்கம், போட்டோஸின் பெரிய வீடியோக்கள் என்று நாலு மூலையில் சிதறிக் கிடக்கிறது. கூகுளின் ஸ்டோரேஜ் மேனேஜர் பக்கம் இவற்றில் சிலவற்றை ஓரிடத்தில் கூட்டித் தருகிறது என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் எதை அழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற முழுச் சீட்டை அதுவும் தருவதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட, பயனரை வழிதவறவைக்கும் ‘இருண்ட வடிவமைப்பு’களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் பதின்மூன்று உத்திகளைப் பெயரிட்டுத் தடுக்கின்றன. அவற்றில் பொய்யான அவசரம், விடாத நச்சரிப்பு, திரை அமைப்பால் திசைதிருப்பல் மூன்றும் இங்கே உரசிப் பார்க்கத் தக்கவை. பொய்யான அவசரம் என்ற குற்றச்சாட்டு நிற்காது, இழப்பு உண்மையானது. மற்ற இரண்டிலும் எச்சரிக்கை எல்லைக் கோட்டுக்கு வெகு அருகில் நிற்கிறது. தாண்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அருகில் நிற்பதே ஒரு பெரிய நிறுவனத்துக்கு அழகல்ல.

இந்தத் தெளிவின்மையின் விலையை நிறுவனம் கொடுப்பதில்லை, பயனர் கொடுக்கிறார். உண்மையான எச்சரிக்கையே மொட்டையாக, அவசரமாக, பணம் கேட்பதாக இருக்கும்போது, ‘இன்றிரவு உங்கள் படங்கள் அழியும், உடனே கட்டுங்கள்’ என்று வரும் மோசடி அஞ்சலை அதிலிருந்து பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. அசல் தன் நடையைச் செம்மையாக வைத்திருந்தால் போலி தனித்துத் தெரிந்திருக்கும்.

பரிகாரங்களின் தரம்

எச்சரிக்கையை எடைபோட்டோம், நம் பரிகாரங்களையும் எடைபோட வேண்டும். கடைகளில் முதலில் சொல்லும் மூன்று வைத்தியங்கள்: கேஷ் அழி, செயலியை நீக்கித் திரும்பப் போடு, கேலரியைக் காலி செய். முதல் இரண்டும் போனின் இடத்தையும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலியையும் சரிசெய்யும்; கிளவுட் கணக்கில் ஒரு பைட் குறையாது. போட்டோஸில் உள்ள ‘இடத்தைக் காலி செய்’ என்ற பொத்தானும் போனுக்குத்தான். மூன்றாவது வைத்தியம் பல சமயம் பயனற்றது, சில சமயம் ஆபத்தானது. காரணத்தை மேலே பார்த்தோம்.

முறையான வழி வரிசையில் இருக்கிறது. எச்சரிக்கை போனுடையதா கணக்குடையதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தை நாமே திறக்க வேண்டும். ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால் நிரம்பியது எந்தக் கணக்கு என்று பார்க்க வேண்டும். புகார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். பிறகு பட்டையின் பிரிவுகளில் எது பெரியதோ அதை மட்டும் தொட வேண்டும். அஞ்சல் என்றால் 10 எம்பிக்கு மேற்பட்ட இணைப்புள்ள கடிதங்களைத் தேடி அழித்து, குப்பையையும் ஸ்பேமையும் காலி செய்வது. டிரைவ் என்றால் அளவு வரிசையில் கோப்புகளைப் பார்ப்பது, தொட்டியைக் கொட்டுவது, பேக்கப் பக்கத்தில் வாட்ஸ்அப்பின் எடையைப் பார்த்து, வாட்ஸ்அப் அமைப்பில் வீடியோவைப் பேக்கப்பிலிருந்து விலக்குவது. போட்டோ என்றால் 2021 ஜூனுக்குப் பிந்தைய பெரிய வீடியோக்களில் தொடங்குவது. ஒரிஜினல் தரத்தில் ஏற்றியவை எந்த ஆண்டானாலும் கணக்கில் உண்டு என்பதை மறக்காமல் இருப்பது. கடைசியாக ஒரு நாள் பொறுப்பது. இந்த வரிசையின் சிறப்பு, ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை நம்பி நிற்பது. அழிப்பது இதில் கடைசிக்கு முந்தைய படி; நம் ஊர் வழக்கத்தில் அது முதல் படி. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

தீர்ப்பு

உண்மை என்ற அளவுகோலில் எச்சரிக்கை தேறுகிறது. தாமதமும் அரிய பிசகுகளும் அந்தத் தேர்ச்சியைக் கெடுக்கவில்லை. தெளிவில் தேறவில்லை. காலத்தில் பாதி. நடுநிலையில் சந்தேகத்தின் பலனை மட்டும் தரலாம். கடையில் கேட்ட அந்த அக்காவின் கேள்விக்கு முழுப் பதில் இதுதான்: எண் பொய் சொல்லவில்லை, எண்ணைச் சுற்றி எழுதிய வாக்கியம் முழு உண்மையைச் சொல்லவில்லை. பலகோடிப் பேரின் கோப்புகளை ஓரளவு சரியாக எண்ணிக்கொண்டிருப்பது பெரிய பொறியியல் சாதனை. அதை இரண்டு வரியில் நேர்மையாகச் சொல்லத் தெரியாதது அந்தச் சாதனைக்குப் பொருந்தாத சிறுமை. எண் கணக்கிட்ட நேரம், பிரிவு வாரியான எடை, அழித்தால் மீளும் அளவு என்ற மூன்றும் எச்சரிக்கையின் உள்ளேயே இடம்பெறும்வரை அதை நல்ல பிரதி என்று ஏற்க முடியாது.

வாசகருக்கு ஒரு வார்த்தை. எச்சரிக்கை வந்த அன்று எதையும் அழிக்காதீர்கள், எதற்கும் பணம் கட்டாதீர்கள். பட்டையைப் பிரித்துப் பாருங்கள். பெரிய பிரிவை மட்டும் தொடுங்கள். ஒரு நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் கூட்டல் ஒத்துவராவிட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து நிறுவனத்திடம் கேளுங்கள். கட்டிய பணத்தில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் மோசடிக்காரனிடம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930.